ஈகையும் ஒப்புரவும்: தாது வருடப் பஞ்சமும் கிறித்தவத் தமிழில் கொடையின் இடமும்

திருக்குறளின் இருபத்து மூன்றாம் அதிகாரம் ஈகை. அதை அடுத்து, இல்லறவியலை முடித்து வைப்பதாக நிற்பது புகழ். இவ்வைப்புமுறை தற்செயலானது அன்று. கொடுப்பவனுக்குப் புகழ் வருவது இயல்பு என்பதும், அது நாணத்தக்கதன்று, வேண்டத்தக்கதே என்பதும் வள்ளுவர் கொள்கை. சங்கப் பாடல்களின் புரவலர் உலகமும் இதே அடித்தளத்தின்மேல் எழுந்ததுதான்: மன்னன் பொருள் கொடுக்கிறான், பாணனும் புலவனும் அவன் பெயரைக் காலத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறார்கள்.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் வேறொரு திசையில் நிற்கிறது. ஒரு கை கொடுப்பதை மறு கை அறியலாகாது. பிறர் காணக் கொடுத்தவன் தன் கூலியை அப்போதே பெற்றுக்கொண்டவன் ஆகிறான். இவ்விரண்டு நூல்களையும் தன் மரபாகக் கொண்ட ஒரு தமிழ்க் கிறித்தவப் புலவன் கொடையைப் பற்றிப் பாட நேர்ந்தால் என்ன செய்வான்? பாடுவதே புகழை உண்டாக்கும் மொழியில், பாராட்டப்படக் கூடாத ஓர் அறத்தை எங்ஙனம் பாடுவது? ஜி. யு. போப் (1820–1908) தம் திருக்குறள் மொழிபெயர்ப்பை 1886இல் வெளியிட்ட நாள்தொட்டு, குறளையும் நற்செய்தியையும் ஒருங்கு வைத்து நோக்கியோர் பெரும்பாலும் ஒற்றுமைகளையே தேடினர். வள்ளுவர் மயிலையில் கிறித்தவப் போதனையைக் கேட்டிருக்கக்கூடும் என்னும் போப்பின் ஊகத்தை இன்று எவரும் வலியுறுத்துவதில்லை. ஆயினும் அவ்வூகம் ஊட்டிய பார்வைப் பழக்கம் நீங்கவில்லை. எனக்கு ஒற்றுமைகளைவிட இந்த ஒரு வேற்றுமையே பயனுடையதாகத் தோன்றுகிறது. அது ஒரு வாழ்விலும் ஒரு நூலிலும் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாழ்வு, மாயூரம் வேதநாயகம் பிள்ளையுடையது (1826–1889). நூல், அவர் 1878இல் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனை.

சொற்களின் உயரம்

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவது நல்லது. தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று இரவுச் சொற்களையும் இரப்போனின் நிலையை வைத்து வேறுபடுத்துகிறார். தன்னினும் உயர்ந்தவனிடம் கேட்பவன் ஈ என்பான்; ஒத்தவனிடம் தா; தன்னினும் தாழ்ந்தவனிடம் கொடு. எனவே ஈகை என்னும் சொல்லின் உள்ளேயே ஓர் உயர வேறுபாடு இருக்கிறது. கொடுப்பவன் மேலே, கொள்பவன் கீழே. புறநானூற்றின் 204ஆம் பாடலில் கழைதின் யானையார் ஈ என்று இரப்பதன் இழிவைப் பேசுகையில் இந்த உயரத்தையே நம் முன் நிறுத்துகிறார். இல்லை என்பது அதனினும் இழிவு என அவர் தொடர்வதும் அந்த உயரத்தில் நிற்பவனை நோக்கித்தான்.

இருபத்திரண்டாம் அதிகாரத்தின் தலைச்சொல்லான ஒப்புரவு இத்தகையது அன்று. ஒப்பு என்னும் சொல் அதில் வெளிப்படையாகவே ஒலிக்கிறது. வள்ளுவர் அங்கே காட்டும் உவமைகள் ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகியவை. ஊருணியில் நீர் மொள்பவள் ஊருணிக்குக் கீழ்ப்பட்டவள் ஆவதில்லை. அவள் யாரையும் ஈ என்று கேட்கவில்லை. அது அவள் ஊரின் நீர். இவ்வேறுபாட்டை உரையாசிரியர்கள் போதிய அளவு வற்புறுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒப்புரவை ஈகைக்கு ஒரு முன்னுரை போலக் கடந்து செல்வதே வழக்கமாயிற்று.

தமிழ் விவிலியத்தில் இச்சொற்களுக்கு நேர்ந்த மாற்றம் வியப்பானது. சீர்திருத்தச் சபைகள் இன்றும் ஓதும் பழைய திருப்புதலில் மனிதர் செய்யும் கொடைக்குத் தர்மம், தர்மசகாயம், உதாரத்துவம் எனும் வடசொற்கள் வருகின்றன. ஈ என்னும் வேரில் பிறந்த ஈவு என்னும் சொல்லோ பல இடங்களில் கடவுள் தருவதைக் குறிக்கிறது. கடவுள்முன் எல்லாரும் இரப்போர் என்பதால், தொல்காப்பிய இலக்கணப்படி இது மிகப் பொருத்தமான தெரிவு. ஒப்புரவு என்னும் சொல் இன்னும் தொலைவு சென்றது. அது கொடையின் எல்லையை விட்டே நீங்கி, பகைத்தவரோடு மீண்டும் இணைதல் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் கடவுள் உலகைத் தம்மோடு இணைத்துக்கொள்ளும் செயலுக்கு இச்சொல்லே வருகிறது. கத்தோலிக்கர் பாவ அறிக்கைச் சடங்கை ஒப்புரவு அருட்சாதனம் என்கின்றனர். என் மாணவர் பலருக்கு ஒப்புரவு என்றால் இந்தப் பொருள்தான் தெரியும். குறளின் அதிகாரத் தலைப்பைக் கண்டு திகைக்கிறார்கள்.

இதை ஒரு பொருள் இழப்பு என்று நான் முன்னர் கருதியிருந்தேன். இன்று அவ்வாறு கருதவில்லை. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கையோடு பலிபீடத்தின் முன் வந்தவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கூறப்படுகிறது. முதலில் செய்ய வேண்டியதற்குப் பழைய திருப்புதல் இட்ட சொல் ஒப்புரவு. ஆகவே தமிழில் மட்டும் அவ்விடம் இவ்வாறு ஒலிக்கிறது: ஒப்புரவு முன்னது, காணிக்கை பின்னது. வள்ளுவரின் அதிகார வரிசையும் அதுவே. மொழிபெயர்த்தோர் இதை எண்ணிச் செய்தனர் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. எண்ணாமல் செய்திருந்தாலும் மொழி எண்ணியிருக்கிறது.

மாயூரத்து முன்சீப்

வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். பின்னர் மாயூரம் நகராட்சிக்கும் தலைமை ஏற்றார். பிரதாப முதலியார் சரித்திரத்தின் (1879) ஆசிரியர் என்னும் ஒரு புகழ் அவருடைய பிற நூல்களின்மேல் நெடுநிழலாக விழுந்து கிடக்கிறது. நாவல் வரலாற்றினர் அவரை 1879இல் பிறந்தவர் போல நடத்துகின்றனர்.

நீதிநூல் 1859இல் வந்தது. குறளைப் போல அதிகாரங்களாக வகுக்கப்பட்ட அந்நூலில் கைக்கூலியைக் கண்டிக்கும் பகுதி இன்றும் உயிரோடு இருக்கிறது. நீதிமன்றத்தில் அமர்ந்தவன் கண்ட கொடுக்கல் வாங்கல் அது: கொடை போன்ற தோற்றம், விலையின் உள்ளடக்கம். ஈகையைப் பற்றிய குறள் 221, வறியார்க்குக் கொடுப்பதையன்றி ஏனையவற்றைக் குறியெதிர்ப்பை என ஒதுக்கும். குறியெதிர்ப்பை என்பது அளந்து கொடுத்து, அதே அளவில் திரும்பப் பெறும் கைம்மாற்று. ஒரு முன்சீப்புக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் நீதிநூலின் குரல் அறிவுரைக் குரலே. அது மேலிருந்து வருகிறது, செல்வனிடம் பேசுகிறது, வறியவன் அதில் பேசுபொருள் மட்டுமே. நூலின் குறை என்று இதைச் சொல்வதற்கில்லை, அவ்வகை நூலின் இயல்பு அது. ஆயினும் இருபது ஆண்டுகளுக்குள் அவரே வேறொரு குரலைக் கண்டடைந்தார். கண்டடையச் செய்தது பஞ்சம்.

தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் நினைவுகூரும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெருங்கேட்டில் சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் உயிர்கள் மடிந்தன. மழை பொய்த்தது ஒரு காரணம். தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்ததும், நிவாரணப் பணிகளில் உழைத்தோர்க்கு ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்னும் அளவில் நின்றதும் பிற காரணங்கள். வேதநாயகம் பிள்ளை தம் பொருளைப் பசித்தோர்க்குச் செலவிட்டார் என்றும், கஞ்சித்தொட்டிகள் அமைத்தார் என்றும் அவர் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரை மேருவோடு ஒப்பிட்டு ஒரு கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சைவர் ஒரு கத்தோலிக்கரைப் பாடிய நிகழ்ச்சி இது. அதற்கு முன்னரே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை குளத்தூர்க் கோவைக்கு அவரைப் பாட்டுடைத் தலைவராக்கியிருந்தார். ஆக, ஒரு கை கொடுத்ததை மறு கை அறியாதிருக்க வேண்டிய மனிதர், காவிரிக்கரை முழுதும் அறிந்த வள்ளலாகிவிட்டார். தமிழ் மரபு அவரை விடவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதே நம் வினா. பாராட்டை அவர் மறுத்து ஒதுக்கவில்லை; அது அம்மரபில் பண்பாகாது. அதை வேறு பக்கம் திருப்பினார் என்று சொல்லலாம். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றி அவர் பாடல்கள் இயற்றியதை உ. வே. சாமிநாதையர் வழியாக அறிகிறோம். பாடப்பட்ட புரவலரே பாடும் புலவராக மாறி, தம் சமயத்தவர் அல்லாத ஒரு மடாதிபதியின் வண்மையைப் பாடுகிறார். புகழ் அவரிடம் தங்குவதில்லை; கடந்து செல்கிறது.

இரண்டாவதாக, இதுவே என் கருத்தில் முதன்மையானது, அவர் பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகள் எழுதினார். சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் இடம்பெறும் அப்பாடல்களில் ஈவோனின் குரலே இல்லை. பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனிடம் தஞ்சம் புகுந்து முறையிடும் ஒருவனின் குரலே உண்டு. தானியக் களஞ்சியத்தைத் திறந்தவர், பாட்டில் வெறுங்கையோடு வரிசையில் நிற்கிறார். தொல்காப்பியரின் மொழியில் சொன்னால், கொடு என்று சொல்லத்தக்க இடத்தில் இருந்தவர் ஈ என்று சொல்லும் இடத்துக்கு இறங்கினார். நீதிநூலில் செல்வனுக்கு அறிவுரை கூறிய அவர், இங்கே பசித்தவனோடு சேர்ந்து வேண்டுகிறார். ஈகை ஒப்புரவாக மாறும் கணம் இது. அறிவுரைச் செய்யுள் நூறு இயற்றினும் கிட்டாத ஒன்றை இக்கீர்த்தனைகளின் இலக்கணம், அதாவது பேசுபவனின் இடம், எளிதாகச் செய்துவிடுகிறது. கவிதைத் திறனில் அவை அவருடைய சிறந்த பாடல்கள் என்று நான் வாதிட மாட்டேன். சொற்கள் சில இடங்களில் இசைக்காக வளைகின்றன. ஆனால் அவை நிற்கும் இடம் சரியான இடம்.

இன்னொன்றும் உண்டு. திருவருள் மாலையும் தேவமாதா அந்தாதியும் பாடிய இவர் தம் சமயத்தைப் பாடத் தெரியாதவர் அல்லர், மறைத்தவரும் அல்லர். ஆனால் பஞ்சப் பாடல்கள் அடங்கிய நூலுக்கு அவர் இட்ட பெயரோ சர்வ சமய சமரசம். எச்சமயத்தாரும் பாடத்தக்கதாக அது அமைந்தது. இதைச் சமய நல்லிணக்கம் என்று பாராட்டுவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. அது உண்மையே, ஆனால் போதாது. தம் சமயத்தின் பெயரைப் பாட்டின் வாயிலில் எழுதாமல் விட்டதை, கொடுத்த கையை மறைத்த செயலாகவும் படிக்க வேண்டும் என்பது என் துணிபு. வேதநாயகம் பிள்ளையால் தம் பெயரை மறைக்க முடியவில்லை. காவிரிக்கரை அதற்கு இடந்தரவில்லை. மறைக்க முடிந்தது அவருடைய சமயத்தின் கையொப்பம் ஒன்றே.

அதே பஞ்சத்தில் பிறர் செய்ததை நோக்கினால் இம்மறைப்பின் பொருள் விளங்கும். திருநெல்வேலியில் கால்டுவெல் பொறுப்பில் இருந்த பகுதியில் நிவாரணத்தை அடுத்துப் பல்லாயிரவர் சபையில் சேர்ந்தனர். தெலுங்கு நாட்டில் ஓங்கோலில் பணியாற்றிய அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி ஜான் கிளௌ, பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை ஏற்றுப் பசித்தோர்க்கு வேலை தந்தார். நிவாரணம் நடந்த காலத்தில் எவருக்கும் திருமுழுக்குத் தர மறுத்தார். அது முடிந்தபின், 1878 ஜூலையில், ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். கிளௌவின் நேர்மையை நான் ஐயுறவில்லை. கொடையும் மதமாற்றமும் ஒன்றையொன்று தொட்டால் குறியெதிர்ப்பை ஆகிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதனாலேயே இடையில் காலத்தை வைத்தார். சோற்றுக் கிறித்தவர் என்னும் ஏச்சு அந்தக் கால இடைவெளியைத் தாண்டி வந்தது. அவ்வேச்சு கொடுத்தவரைச் சுடவில்லை. பெற்றவரையும் அவர்தம் பேரப்பிள்ளைகளையும் சுட்டது. சாதியின் அடித்தட்டில் இருந்தோர் மானத்தோடு எடுத்த ஒரு முடிவைப் பசியின் கணக்கில் எழுதியது அது. மத்தேயு ஆறாம் அதிகாரத்திலும் மறைவில் கொடுத்தவனுக்கு விண்ணகக் கைம்மாறு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. மறுமைப் பயனுக்காக அறம் செய்வோனை வணிகனாக்கி, ஆய் அத்தகையவன் அல்லன் என்ற முடமோசியாரின் புறப்பாட்டு (134) இவ்விடத்தில் நற்செய்தி உரையாளரினும் கடுமையானது. அந்தக் கடுமையை உணர்ந்த தமிழ்க் கிறித்தவர் வேதநாயகம் பிள்ளை.

மெல்பர்ன், சிட்னி

இனி, நான் வாழும் நாட்டுக்கு வருகிறேன். இப்பஞ்சத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் ஆய்வாளர் அதை அதிகம் எடுத்துக்கொண்டதில்லை. 1877 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தலைமையில் கூடிய பொதுக்கூட்டம் பிரித்தானியாவிடம் உதவி வேண்டியது. லண்டனில் மேன்ஷன் ஹவுஸ் நிதி திறக்கப்பட்டது. வைஸ்ராய் லிட்டன் இம்முயற்சியை விரும்பவில்லை. மெல்பர்ன், சிட்னி உள்ளிட்ட ஆஸ்திரேலியக் குடியேற்ற நகரங்களிலும் நன்கொடை திரண்டு சென்னைக்குச் சென்றது. நிவாரணக் குழுவின் செயலராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாற்றில் குடியேற்ற நாடுகளின் பங்கும் இடம்பெறுகிறது. அக்காலச் செய்தித்தாள்கள் நன்கொடையாளர் பட்டியலைப் பெயரும் தொகையுமாக அச்சிடுவது வழக்கம். பாரதியாரின் கீர்த்தனைக்கும் அந்தப் பட்டியலுக்கும் உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு: இரண்டும் புகழ் அதிகாரத்தைச் சேர்ந்தவை. கீர்த்தனையில் ராகம் உண்டு என்பது கீர்த்தனைக்குக் கூடுதல் மதிப்பெண்.

இப்பணத்தால் உயிர் பிழைத்தோர் உண்டு. அதைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கம் அன்று. ஆனால் அதே குடியேற்ற நாடுகள் ஒன்றிணைந்து 1901இல் இயற்றிய முதற் சட்டங்களுள் ஒன்று குடிவரவைக் கட்டுப்படுத்தும் சட்டம். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973 வரை முற்றாக நீங்கவில்லை. பணம் கடலைக் கடந்து போகலாம், பசித்தவன் கடலைக் கடந்து வரலாகாது என்னும் ஏற்பாடு அது. லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் இயேசு தம்மை விருந்துக்கு அழைத்தவனிடம், திருப்பி அழைக்க வழியற்ற ஏழைகளை விருந்துக்கு அழை என்கிறார். அங்கே சொல்லப்படுவது அனுப்புதல் அன்று, அழைத்தல். குறளிலும் விருந்தோம்பல் ஈகைக்குப் பல அதிகாரங்கள் முன்பே வந்துவிடுகிறது. ஈகைக்கு அஞ்சல் போதும். விருந்துக்கு இலை போட வேண்டும்.

மெல்பர்னில் ஆங்கிலிக்கக் குரு ஜெரார்டு டக்கர் 1953இல் தொடங்கிய சமாதானத்துக்கான உணவு இயக்கம், இந்தியாவில் ஒரு சிறு மருத்துவப் பணிக்கு வாரந்தோறும் பணம் அனுப்புவதிலிருந்து வளர்ந்தது. 1962இல் கம்யூனிட்டி எய்டு அப்ராட் என்று பெயர் மாறி, இன்று ஆக்ஸ்ஃபாம் ஆஸ்திரேலியாவாக இருப்பது அதுவே. அதுவும் அனுப்பும் கொடைதான். ஆனால் அனுப்பியவர்கள் மெல்ல மெல்லத் தம் நாட்டின் வாயிலைப் பற்றியும் கேள்வி கேட்கத் தொடங்கினர். 2016 பிப்ரவரியில், நவ்ரு தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட இருந்த 267 பேருக்கு அடைக்கலம் தருவதாகப் பிரிஸ்பேன் ஆங்கிலிக்கப் பேராலயம் அறிவித்தது. நாடெங்கும் பல தேவாலயங்கள் அதைப் பின்பற்றின. சட்டப்படி அவ்வடைக்கலம் செல்லுபடியாகுமா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1877இல் உண்டியலாக இருந்த கட்டடம் 2016இல் கதவாயிற்று. கிறித்தவத் தமிழின் சொல்லை இரு பொருளிலும் வழங்கினால், ஒப்புரவு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதே நகரங்களில் வாழும் தமிழ்க் கிறித்தவர்களாகிய நாம் எப்பக்கம் நிற்கிறோம்? 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கொடுத்தோம். போருக்குப் பின் கொடுத்தோம். பிறந்த ஊரின் கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக் கூரைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். என் ஊர்த் தேவாலயத்தின் புதிய மண்டபச் சுவரில் வெளிநாட்டு நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்த கருங்கல் ஒன்று உண்டு. என் பெயர் அதில் நான்காவது. எழுத்துக்குப் பொன்வண்ணம் பூசியிருக்கிறார்கள். சென்ற முறை போனபோது, எவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன்முன் சிறிது நேரம் நின்றேன். அதே ஊரில் இரண்டு தெருவார்க்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. மண்டபத்துக்குக் கொடுத்த எங்களுள் ஒருவரும் அதைப் பற்றிக் கடிதம் எழுதியதில்லை. சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் எங்கள் தமிழ் வழிபாட்டுக்கு, தற்காலிக விசாவில் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் இளைஞர்கள் வருவதுண்டு. வழிபாடு முடிந்ததும் அவர்களுக்கு அரிசியும் பருப்பும் பொதியாகக் கொடுக்கிறோம். வீட்டுக்கு உணவருந்த அழைப்போர் சிலரே. அச்சிலருள் நானும் பல ஆண்டுகள் இருக்கவில்லை.

வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகள் இந்நாட்டு இசையரங்குகளிலும் கேட்கக் கிடைக்கின்றன. பஞ்சப் பாடல்களை நான் இங்கு எந்த மேடையிலும் கேட்டதில்லை. துக்கடாவுக்கு அவை ஏற்றவை அல்ல எனப் பாடகர் கருதக்கூடும். பசியைக் குளிரூட்டிய அரங்கில் பாடுவது எளிதன்று என்பதையும் ஏற்கிறேன். ஆயினும் அவற்றைத் தனியே தொகுத்து, 1876–78ஆம் ஆண்டுகளின் நிகழ்ச்சிகளோடு இணைத்துக் காட்டும் ஓர் ஆய்வுப் பதிப்பு நமக்குத் தேவை. மெல்பர்ன், சிட்னி நூலகங்களில் உள்ள 1877ஆம் ஆண்டுச் செய்தித்தாள்களின் நன்கொடைப் பட்டியல்களையும் அப்பதிப்பின் பின்னிணைப்பில் சேர்க்கலாம். கொடுத்தவர் பட்டியலும் கேட்டவரின் பாட்டும் ஒரே நூலுக்குள் இதுவரை வந்ததில்லை.